குசுமா அக்கா வீட்டுக்கு நாம் ஏன் போனோம்

தம்பி, நீயும் கவிதாவும் கண்டியில் வீடு பிடித்துக் குடியேறிய நாளிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீ கடையில் நிற்பாய், யாராவது பழுதான கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், “அம்மா, அப்புறம் எடுக்கிறேன்” என்பாய். இது அப்புறம் எடுக்கிற விஷயமில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க என்னோடு புத்தலவுக்கு, குசுமா அக்கா வீட்டுக்கு வந்தாயே, திரும்பும்போது வெல்லவாயவில் பஸ்ஸுக்காக நிற்கையில் ஒன்று கேட்டாய். “குசினிக்குள்ள ரெண்டு பேரும் ஏம்மா அழுதீங்க? அவங்க நமக்கு என்ன வேணும்?” கல்யாணம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன். உனக்குக் கோபம். ஒரு பத்திரிகைக்காக இவ்வளவு தூரமா, போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா என்று போகும்போதே முணுமுணுத்தவன்தான் நீ. இப்போது கல்யாணம் முடிந்துவிட்டது. நானும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் உனக்கு இரத்தத்தில் நோய் வந்து குணமானது உனக்குத் தெரியும். கவிதாவிடம் முதல் முறை தனியாகப் பேசியபோதே அதை நீ சொல்லிவிட்டாய் என்று அவள் என்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் உனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி மட்டும்தான். அதற்குப் பின்னால் இருந்தவர்களை உனக்குத் தெரியாது.

உன்னை முதலாம் வகுப்பில் சேர்த்த வருஷம் அது. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். கால்களில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்கேயோ விழுந்திருப்பாய் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவேன். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது உன் வாயிலிருந்து வந்த இரத்தம் நிற்கவே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினோம். அங்கிருந்து டிக்கோயாவுக்கு, டிக்கோயாவிலிருந்து கண்டிக்கு. கண்டியில் ஒரு டொக்டர் எங்களை உட்காரச் சொல்லி, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினார். அந்த மிஸ் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கினார். “மகரகமவுக்குப் போகணும், நாள் தள்ளக் கூடாது” என்றார். மகரகம என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் உன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதுவரை கண்டிக்கு அப்பால் நான் போனதில்லை. அப்பா ஃபெக்டரி லொறியில் வேலை செய்ததால் கொழும்பு வரை போய்வந்தவர், சிங்களமும் நன்றாகப் பேசுவார். ஹட்டனில் பஸ் ஏறினோம். கினிகத்தேனை வளைவுகளில் நீ வாந்தி எடுத்து ஓய்ந்து, என் மடியில் கிடந்தாய். அது யுத்த காலம், தம்பி. அவிசாவளை நெருங்கியதும் அப்பா குனிந்து, “இனி தமிழ்ல சத்தமா பேசாத புள்ள” என்றார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நீ அப்போதுதான் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, “அம்மா, மலையெல்லாம் எங்கம்மா போச்சு?” என்றாய். முன் ஸீட்டில் இருந்த ஒரு பெரிய மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா விறைத்துப்போனார். அந்த மனிதர் பைக்குள் கையை விட்டு ஒரு தோடம்பழத்தை எடுத்து உன்னிடம் நீட்டிவிட்டு, மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நீ அதைச் சாப்பிடவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே வந்தாய்.

மகரகம ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வாட்டில் தாய்மார் மட்டும்தான் தங்கலாம். அப்பா உன்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, வேலையை விட முடியாததால் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் மொட்டைத் தலை. எல்லோரும் சிங்களத்தில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். நமது மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றேன். அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, என் தோளைத் தொட்டு, ஸ்வெட்டரைத் தானே கழற்றி மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். ஒரு போத்தலில் தண்ணீர் கொடுத்தார். நான் அழத் தொடங்கியதும், “பய வென்ன எப்பா” என்றார். பயப்படாதே என்று அதற்கு அர்த்தம். அவர்தான் குசுமா அக்கா. அக்கா என்ற சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றாக இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக அவரிடம்தான் கற்றேன்.

அவருடைய மகள் நெத்மி. உன்னைவிட இரண்டு வயது மூத்தவள். தலையில் முடி இல்லாவிட்டாலும் காதில் சின்னத் தோடு போட்டுக்கொண்டு, அந்த வாட்டையே தன் வீடு மாதிரி நடத்தினாள். முதல் வாரத்தில் நீ யாரிடமும் பேசவில்லை. அவள் உன் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, உன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எக்காய், தெக்காய், துனாய் என்று எண்ணக் கற்றுக்கொடுத்தாள். பதிலுக்கு நீ அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தாய் தெரியுமா? “வாடா.” அவளுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் காலை பெரிய டொக்டர் தன் ஆட்களோடு வாட்டுக்குள் வந்தபோது, கையை ஆட்டி, “டொக்டர், வாடா” என்றாள். என் உயிரே போய்விட்டது. தமிழ் தெரிந்த ஒரு மிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். டொக்டருக்கு விஷயம் புரிந்ததும் அவர் அவள் கட்டிலுக்கே நேராகப் போய், “வந்துட்டேன்” என்று தமிழில் சொன்னார். அந்த நாள் முழுக்க வாட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் வாடா என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மருந்து ஏற ஏற நீ கரைந்துகொண்டே போனாய். முதுகில் ஊசி போடும் நாளில் உன்னைப் பிடித்துக்கொள்ள என்னால் முடியாது. குசுமா அக்காதான் உன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்வார். நெத்மிக்குப் போடும்போது நான் பிடித்துக்கொள்வேன். தன் பிள்ளையின் அலறலைவிட அடுத்த பிள்ளையின் அலறலைத் தாங்குவது கொஞ்சம் சுலபம், அதனால் எங்களுக்குள் அப்படி மாற்றிக்கொண்டோம். அதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. பேச மொழியும் இல்லை.

சில மாதங்கள் போனபின் ஒரு முறை மருந்து ஏற்றியதும் உன் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. தண்ணீர் விழுங்கவே அழுதாய். எழுந்து நிற்கும் தெம்பு இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். கையில் ஒரு கம்பளியும் வெறும் பையும் இருந்தன. உன்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. “போதும் புள்ள, வீட்டுக்குப் போவோம்” என்றார். நம் லயத்து வீடுகளில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததில்லை, ஊசி போட்டுத்தான் பிள்ளை இப்படி ஆயிற்று, பக்கத்துத் தோட்டத்தில் பச்சிலை கொடுக்கிற ஒருத்தர் இருக்கிறார், மூன்றே வேளையில் எழுந்து நடக்கும் என்று.

நான் முடியாது என்றேன். “பாதியில நிப்பாட்டக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காருங்க.”

“அவனப் பாரு. இதுக்கா கூட்டிட்டு வந்தோம்? போற உசுரு நம்ம வீட்டுல போகட்டும்” என்றார். சொல்லிவிட்டுக் கம்பளியை விரித்து உன்னைச் சுற்றப் போனார்.

அப்பாவை எதிர்த்து அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு உன் கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். “நீங்க போங்க. நான் வரமாட்டேன், தம்பியையும் தரமாட்டேன். அடிக்கிறதுன்னா இங்கேயே அடிங்க” என்றேன். அவர் என்னை ஒருபோதும் அடித்தவர் இல்லை. அது உனக்கே தெரியும். ஆனாலும் என் வாயில் அதுதான் வந்தது. அவர் அடிபட்டவர் மாதிரி நின்றார். நான் சொன்னது அவரை எவ்வளவு நோகடித்தது என்று அப்போதே தெரிந்தது. ஆனால் கையை எடுத்தால் உன்னைத் தூக்கிவிடுவார். எடுக்கவில்லை.

குசுமா அக்காவுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. கம்பளி புரிந்தது, வெறும் பை புரிந்தது. நெத்மியை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பாவிடம் வந்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். அக்கா அவரை வெளி விறாந்தைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக இருவரும் தெரிந்தார்கள். அக்கா பேசிக்கொண்டே இருந்தார், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்கா திரும்பி உள்ளே கையைக் காட்டினார். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். உன்னையல்ல, நெத்மியை. அவள் அப்போது உன் வாய்ப் புண்ணுக்குப் பஞ்சு நனைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே வந்து கம்பளியை நாலாக மடித்து உன் கால்மாட்டில் வைத்தார். உட்கார்ந்து உன் பாதங்களைப் பிடித்துவிடத் தொடங்கினார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா என்ன சொன்னார் என்பதை அப்பா அடுத்த முறை வந்தபோதுதான் எனக்குச் சொன்னார். அப்பாவின் வாயால் கேட்டது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது. “போன வருசம் நாங்களும் எங்க மகள இப்படித்தான் பாதியில கூட்டிட்டுப் போனோம்னு சொன்னாங்க. நாட்டு மருந்து கொடுத்தாங்களாம். புள்ள எந்திரிச்சு நடந்துச்சாம், இஸ்கூலுக்குக்கூடப் போச்சாம். கொணமாயிருச்சுன்னு விகாரைக்கெல்லாம் பூ வச்சோம்னாங்க. அப்புறம் திரும்பி வந்துருச்சு. இப்போ குடுக்கிற மருந்து கேக்கல. டொக்டர் எனக்கு இன்னும் சொல்லல, ஆனா எனக்குத் தெரியும்னாங்க. உங்க மகனுக்கு இதுதான் முதல் தடவ, மருந்து கேக்குது, கூட்டிட்டுப் போயிராதீங்கன்னாங்க. எம் மகளப் பாத்துட்டு, அப்புறமும் தூக்கிட்டுப் போகணும்னு தோணுச்சுன்னா போங்கன்னாங்க.”

தம்பி, இதை ஒரு தாய் இன்னொரு வீட்டு ஆம்பிளையிடம், முன்பின் தெரியாதவரிடம் சொல்லியிருக்கிறார். தன் வீட்டில்கூட இதை அவர் வாய் திறந்து சொன்னதில்லை என்று பின்னால் தெரிந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை, போனால் போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். நீ இன்று தாலி கட்டி, கடை வைத்து, அம்மாவிடம் கோபித்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்து நிற்கிறாய் என்றால், மருந்து ஒரு பக்கம், அந்த விறாந்தையில் அவர் பேசிய பேச்சு இன்னொரு பக்கம்.

அப்பாவையும் நீ தப்பாக நினைக்கக் கூடாது. நீ துடிப்பதைப் பார்க்க முடியாமல்தான் அவர் அப்படிச் செய்தார். அன்பிலும் அவசரம் உண்டு. அதனால் புதிதாகக் குடும்பம் தொடங்கியிருக்கிற உனக்கு ஒன்று சொல்கிறேன். கவிதா சாது, உன் பேச்சை மீறமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் உனக்குக் குறுக்கே நின்றால், உன் மானம் போனதாக எண்ணிச் சத்தம் போடாதே. அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று முதலில் பார். உன் அப்பா பார்த்தார். அன்றைக்கு அவர் கம்பளியை மடித்ததை நினைத்துத்தான் பிறகு வந்த எல்லாச் சண்டையிலும் நான் அவரோடு சமாதானம் ஆனேன்.

உன் வாய்ப் புண் ஆறியது. நீ சோறு கேட்டாய். ஆனால் நெத்மி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலை விட்டு இறங்குவதை நிறுத்தினாள். முதலில் உன் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்தவள், பிறகு தன் கட்டிலிலிருந்தே உன்னை வாடா என்றாள். நீ போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்வாய். ஒரு நாள் விடியற்காலையில் அவளை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். நீ தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குசுமா அக்கா சாமான்களை எடுக்க வாட்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். அதை எங்கே கொண்டுபோய் மறைப்பேன்? நீ அவரைப் பார்த்ததும், கற்றுக்கொண்ட சிங்களத்தில், நெத்மி அக்கா எங்கே என்று கேட்டாய். நான் உன் வாயைப் பொத்தப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். உன் உயரத்துக்குக் குனிந்து, “கெதர கியா, புத்தே” என்றார். வீட்டுக்குப் போய்விட்டாள் மகனே என்று. “கொணமாயிருச்சா?” என்று நீ தமிழில் என்னைக் கேட்டாய். என்ன கேட்டாய் என்று அவருக்கு எப்படிப் புரிந்ததோ, ஆமாம் என்று தலையை ஆட்டினார். சிரித்துக்கொண்டே ஆட்டினார், தம்பி. வாட்டின் கதவைத் தாண்டிய பிறகுதான் அவர் குரல் உடைந்து கேட்டது.

உன் மருந்து முடிந்து நாம் மலைக்குத் திரும்பி வந்த பிறகு, பஸாரில் நானா கடைக்கு முதல் போன் வந்தது. குசுமா அக்காதான். நானா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். “மகன் சாப்பிடுகிறானா?” என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான். கிளினிக்குக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும், பிறகு நீ பெரியவனான பின்னும், சித்திரை வருஷப் பிறப்புக்கும், உன் பரீட்சைகளுக்கும், நம் வீட்டுக்கே போன் வந்த பிறகும், அவர் கேட்டது அதைத்தான். பேசுங்கள், பக்கத்தில்தான் இருக்கிறான் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று வைத்துவிடுவார். அம்மா யாரோ சிங்கள அம்மாவிடம் கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நீ கேலி செய்வாய்.

புத்தலவில் அவர் வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் படம் இருந்தது. நீ அதைப் பார்த்து, உங்கள் மகளா என்று மரியாதையாகக் கேட்டாய். அவர் ஆமாம் என்றார். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உனக்கு எதுவும் நினைவு வரவில்லை. அவர் உனக்குச் சோறு போட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். பின்னாலேயே நான் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, அவனுக்கு நினைவில்லை என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: “அதற்காகத்தான் இத்தனை வருஷம் அவனிடம் பேசாமல் இருந்தேன். என் குரலைக் கேட்டால் அந்த இடம் ஞாபகம் வந்துவிடும். பிள்ளை அதையெல்லாம் மறந்து வளரட்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டான், நல்லது.” அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். நானும் அழுதேன். இப்போதாவது அவனிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கல்யாணம் முடியட்டும், பக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது சொல் என்றார். அதனால்தான் பஸ் நிலையத்தில் உனக்குப் பதில் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு அவர் வந்ததை நீ பார்த்தாய். எல்லோரும் அட்சதை போட்டு முடிந்த பிறகுதான் தனக்குக் கொடுத்ததை அவர் போட்டார். எப்போது போடுவதென்று தெரியவில்லையாம். மறுநாள் அவரை ஹட்டனில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி நான் போன் பண்ணிக் கேட்க வேண்டியதில்லை, அவனுக்குச் சோறு போட ஆள் வந்துவிட்டாள்” என்று சிரித்தார். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவர் இனி எடுக்கமாட்டார் என்று தோன்றியது.

அதனால் இனி நீ எடு. நம்பரைக் கவிதாவுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் சிங்களம் என்னுடையதைவிட நல்ல சிங்களம். நன்றி சொல்லப் போய் அவரைச் சங்கடப்படுத்தாதே. இத்தனை வருஷமும் நாங்கள் உன்னைப் பற்றியே பேசினோம். அவர் மனம் நோகும் என்று பயந்து, அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நான் எடுத்ததில்லை. இப்போது அது சரியில்லை என்று தோன்றுகிறது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தாள், என்ன விரும்பிச் சாப்பிடுவாள், பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை பிடித்தாள் என்று கேள். அவர் அழுதால் போனை வைத்துவிடாதே, பொறுமையாக இரு. பேச நிறைய வைத்திருப்பார். நெத்மியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை, தம்பி. நீ கேள்.